நெகட்டிவை எறியாதீர்கள்: வீட்டு ஸ்கானரில் பழைய பிலிமைப் படமாக்கும் முறை

வீட்டில் பழைய நெகட்டிவ் கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். “படம்தான் கழுவியாச்சே, இனி இது என்னத்துக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கழுவிய படம் வன்னியில் எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கிறது? போரால் 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று வெளிக்கிட்டபோதும், 2008 கடைசியில் கிழக்கே கிழக்கே நகர்ந்தபோதும், உழவு மெசின் பெட்டியில் அரிசிக்கும் தறப்பாளுக்குமே இடம் காணாது. பாரமான அல்பம் வீட்டோடு நின்றுவிட்டது. நெகட்டிவ், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருந்த ஃபைலுக்குள் மெல்லிய உறையாகக் கிடந்து சில குடும்பங்களோடு தப்பி வந்திருக்கிறது. அது இன்னதென்று பிள்ளைகளுக்குத் தெரியாமலே அலுமாரிக்குள் கிடக்கும் வீடுகளும் இருக்கின்றன.

என் மாமா மல்லாவியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். மின்சாரம் இல்லாத காலம். கறுப்பு வெள்ளையை அவரே இருட்டறையில் கழுவுவார். கலர் ரோல் வெளியே போய்த்தான் வரவேண்டும். பிலிம் கிடைப்பது பெரும்பாடாக இருந்ததால் ஒரே ரோலில் ஒரு கலியாணவீடு, ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, ஒரு செத்தவீடு என்று எல்லாம் இருக்கும். அவர் நெகட்டிவ் போட்டுவைத்த பிஸ்கட் ரின்கள் இப்போது என்னிடம். அவற்றையும், அயலவர்கள் கொண்டுவந்து தருகிறவற்றையும் ஒரு சாதாரண மேசை ஸ்கானரில் படமாக்கி வருகிறேன். விலை கூடிய கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை இந்த வேலையில் கண்டுகொண்டேன். பிலிமும் காத்திருக்காது, படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்களும் காத்திருக்க மாட்டார்கள்.

எந்த ஸ்கானர்

வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். கடதாசியை ஸ்கான் செய்யும்போது கீழிருந்து வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைக் கருவி படிக்கிறது. பிலிமுக்கு அது சரிவராது. வெளிச்சம் பிலிமை ஊடுருவி வரவேண்டும். ஆகவே மூடிக்குள்ளும் ஒரு விளக்கு வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஸ்கானர்கள், உதாரணமாக கெனன் லைட் வரிசையும் எப்சன் வி39உம், கடதாசிக்கு நல்லவை. பிலிமை அவை எடுக்கா. பிரின்டரோடு சேர்ந்து வரும் ஸ்கானர்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

நான் பாவிப்பது எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600. கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன் தான் பாவித்ததைக் கொண்டுவந்து தந்தான். அதனோடு வரும், பிலிம் வைக்கும் சட்டத்தில் 35 மில்லிமீற்றர் நெகட்டிவ் ஆறு படத் துண்டுகள் இரண்டை வைக்கலாம், ஸ்லைட் (நிறம் நேரே தெரியும் பிலிம்) என்றால் நான்கு, 120 என்ற அகலமான பிலிமும் வைக்கலாம். எப்சன் 4490, கெனன் கெனோஸ்கான் 8800எஃப், 9000எஃப் ஆகியவையும் பிலிமுக்கு ஏற்ற பழைய மேசை ஸ்கானர்கள்தான். வெளிநாட்டு உறவினர் யாராவது “என்ன கொண்டு வர?” என்று கேட்டால் இவற்றில் ஒன்றைப் பழையதாகத் தேடச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: பிலிம் வைக்கும் பிளாஸ்ரிக் சட்டங்களும் கூடவே வரவேண்டும். அவை இல்லாத ஸ்கானர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழைய மாதிரிக்குப் புது விண்டோஸில் டிரைவர் இல்லாவிட்டால் வியூஸ்கான் என்ற மென்பொருள் பெரும்பாலும் கை கொடுக்கும். அதற்குக் காசு கட்டவேண்டும்.

பிளஸ்டெக் ஒப்டிக்பிலிம் 8100 போன்ற சின்னக் கருவிகள் 35 மில்லிமீற்றர் பிலிமை மேசை ஸ்கானரைவிடக் கூர்மையாக எடுக்கும். ஆனால் அவற்றுக்குள் 120 பிலிம் போகாது. எங்கள் பக்கத்துப் பழைய ஸ்டூடியோப் படங்கள், மேலேயிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கமராவில் எடுத்தவை, பெரும்பாலும் அந்தச் சதுர 120 பிலிம்தான். அதனால் வன்னி வீட்டுக்கு மேசை ஸ்கானரையே நான் சொல்வேன். கையடக்கப் பெட்டிபோல வரும் மிக மலிவான “நெகட்டிவ் ஸ்கானர்” பலவற்றுக்குள் இருப்பது ஒரு சின்னக் கமராதான். வெள்ளைச் சேலையின் மடிப்பும் மாலையின் பூவும் அதில் ஒரே வெள்ளையாகிவிடும்.

இன்னொரு விசயம், பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பி மயங்க வேண்டாம். வி600இன் பெட்டியில் 6400 டிபிஐ என்றிருக்கும், அதாவது ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி. சோதித்துப் பார்த்தால் உண்மையில் கிடைக்கும் விபரம் ஏறத்தாழ 1600 அளவுதான். அது போதுமா? 35 மில்லிமீற்றர் நெகட்டிவின் படம் 24க்கு 36 மில்லிமீற்றர். 1600 டிபிஐயில் அது நல்ல தெளிவோடு ஐந்துக்கு ஏழு அங்குலப் படமாக அச்சாகும். சுவரில் மாட்டும் அளவுக்கு இன்னும் பெருப்பித்தாலும் தூரத்திலிருந்து பார்க்கக் குறை தெரியாது. 120 பிலிம் என்றால் பன்னிரண்டு அங்குலம் வரை தாராளமாகப் போகலாம்.

தொடுமுன் மணந்து பாருங்கள்

பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் அடிக்கிறதா? அப்படியானால் பிலிமின் அசிற்றேற் என்ற பிளாஸ்ரிக் அடித்தளம் உடையத் தொடங்கிவிட்டது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இது விரைவாக நடக்கும். எங்கள் தகரக் கூரை வீடுகளில் இரண்டுக்கும் குறைவில்லை. அந்த ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். மணக்கிற துண்டுகளை உடனே வேறாக்கி, காற்றோட்டமான இடத்தில் கடதாசி உறையில் வையுங்கள். முதலில் ஸ்கான் செய்யவேண்டியதும் அவற்றைத்தான். இந்தப் பழுதைத் திருப்ப வழியில்லை. பிலிம் சுருங்கி வளையுமுன் படத்தை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பூஞ்சணம். சிலந்தி வலைபோன்ற கோடுகள் தெரிந்தால் அதுதான். இதில் ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள்: தண்ணீர் படக்கூடாது. பிலிமில் படம் இருப்பது ஜெலட்டின் படையில். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். ஈரத் துணியால் ஒருதரம் துடைத்தால் முகம் துணியோடு வந்துவிடும். உலர விட்டு, அப்படியே ஸ்கான் செய்யுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போன துண்டுகளைப் பிரிக்க இழுக்காதீர்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நனைந்து காய்ந்த நெகட்டிவ் யாரிடமாவது இருந்தால், அதில் உப்பும் மணலும் இருக்கும். தூரிகையால் தேய்த்தால் மணல் படத்தைக் கீறும். ஊதுபந்தால் மெல்ல ஊதுவதோடு விட்டுவிடுங்கள்.

தூசி

வேலையின் பாதி தூசியோடுதான். ஆடி ஆவணியில் சோளகம் அடிக்கும்போது வீதிச் செம்மண் யன்னல் பூட்டினாலும் உள்ளே வரும். அந்த மாதங்களில் நான் விடியப்புறத்தில் மட்டும் ஸ்கான் செய்வேன். காற்று எழுமுன் நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்திவிட்டுத் தொடங்கினால் பத்து மணிவரை நன்றாகப் போகும். இதற்கு நல்ல காலம் மாரிதான். காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் பிலிமில் மின்னேற்றம் குறையும், தூசியும் ஒட்டாது. முறுகி வளைந்த பிலிமும் சற்று இளகிக் கொடுக்கும்.

தேவையான சாமான் கொஞ்சம்தான்: கமராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுபந்து, புதிதாக வாங்கிய மிருதுவான நீர்வர்ணத் தூரிகை, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, பருத்திக் கையுறை. கையுறை இல்லாவிட்டால் கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். பளபளப்பான பக்கத்தில் விரல் அடையாளம் இருந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் துணியில் ஒரு துளி விட்டு, படமில்லாத நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம். கை கழுவும் சனிற்றைசர் கூடாது. அதில் தண்ணீரும் வேறு பொருள்களும் உண்டு. ஸ்கானர்க் கண்ணாடியை ஒவ்வொரு தட்டுக்கும், அதாவது ஒருமுறை சட்டத்தில் பிலிம் வைத்து எடுப்பதற்கு, முன் துடைத்து ஊதுங்கள். மூடியின் விளக்குக் கண்ணாடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதையும் துடைக்க வேண்டும்.

காய்ந்த பனையோலைபோலச் சுருண்ட துண்டுகளை உறையில் இட்டு, பாரமான புத்தகங்களுக்குக் கீழே ஒரு கிழமை வையுங்கள். பிலிம் தட்டையாக இல்லாவிட்டால் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரம் மங்கலாகவும் வரும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் எண்ணெய் மிதப்பதுபோல வளைய வளையமாக நிறம் தோன்றும். பிலிமை நேரே கண்ணாடியில் போடாமல் சட்டத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தப் பக்கம் கீழே

பிலிமுக்கு இரண்டு பக்கம். ஒன்று பளபளக்கும், மற்றது மங்கல். மங்கல் பக்கத்தில்தான் படம். சரிந்த வெளிச்சத்தில் பிடித்தால் வேறுபாடு தெரியும். பிலிம் பொதுவாக மங்கல் பக்கத்தை உள்ளே வைத்துத்தான் வளையும். எப்சன் சட்டத்தில் பளபளப்புப் பக்கம் கீழே, கண்ணாடியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் ஓரத்து எழுத்துகளும் எண்களும் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரியும், அதுதான் சரி. மாறி வைத்தால் இடம் வலம் மாறிவிடும். கடைப் பெயர்ப்பலகை பின்பக்கமாக நிற்கும். மங்கலாகிப்போன படத்தில் இது சட்டென்று தெரியாது. பெண்களின் சேலைத் தலைப்பு எந்தத் தோளில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்லைட் வன்னியில் குறைவு. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் எடுத்தது, வேலை விசயமாக யாராவது எடுத்தது என்று சில பெட்டிகள் இருக்கும். அதில் நிறம் நேரே தெரியும், நெகட்டிவ்போலத் திருப்ப வேண்டியதில்லை. கடதாசிச் சட்டத்தோடு அப்படியே வைக்கலாம். கொடாக் கழுவிய பல ஸ்லைட்டுகளின் சட்டத்தில் மாதமும் ஆண்டும் பதிந்திருக்கும். அது கழுவிய திகதி; எடுத்தது அதற்கு முன். இந்தத் தகவலை உடனே எழுதி வையுங்கள்.

மூடியின் உட்பக்கத்தில் கடதாசிக்கென்று ஒரு வெள்ளைப் பலகை செருகியிருக்கும். பிலிம் வேலைக்கு அதைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் விளக்கு மறைந்து படம் வராது. சட்டத்தின் தலைப்பகுதியில் உள்ள சிறு இடைவெளியையும் எதுவும் மறைக்கக்கூடாது. ஸ்கானர் தன் வெளிச்சத்தை அளந்துகொள்வது அங்கேதான். ஒரு நூல் கிடந்தாலே படம் முழுக்க நெடுங்கோடு விழலாம்.

ஸ்கான் செய்யும்போது

எப்சன் ஸ்கான் என்ற மென்பொருளைத் திறந்து புரொஃபெஷனல் மோடுக்குப் போங்கள். தானாகச் செய்யும் மோடு வேகமானது, ஆனால் அது முடிவெடுத்த பிறகு நீங்கள் திருத்த இடமிருக்காது. ஆவண வகையில் பிலிம் என்று கொடுங்கள். பிலிம் வகையில் கலர் நெகட்டிவ், கறுப்பு வெள்ளை நெகட்டிவ், பொசிற்றிவ் என்று மூன்று இருக்கும். ஸ்லைட்டுக்குப் பொசிற்றிவ். கலர் நெகட்டிவ் செம்மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்துப் பழுதாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். அது பிலிமிலேயே சேர்த்த முகமூடி நிறம், மென்பொருள் அதைக் கழித்துக்கொள்ளும்.

உண்மையில் கிடைப்பது 1600 அளவுதான் என்றாலும், அது முழுதாக வர 35 மில்லிமீற்றருக்கு நான் வைப்பது 2400 டிபிஐ. கிட்டத்தட்ட 3400க்கு 2270 புள்ளி, 77 இலட்சம். நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்பதற்கான பிற் அளவு கலருக்கு 48, கறுப்பு வெள்ளைக்கு 16 பிற் சாம்பல். சுருக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் கலர்ப் படம் ஒன்று ஏறத்தாழ 46 மெகாபைட் வரும். 36 படமுள்ள ரோல் ஒன்று ஒன்றரை ஜிகாபைட்டைத் தாண்டும். ஒரு சாதாரண வெளி ஹாட் டிஸ்கில் முழுக் குடும்பத்தினதும் கொள்ளும். நிறம் மங்கிய பிலிமுக்கு இந்தக் கூடுதல் பிற் அவசியம். பிறகு நிறத்தை இழுத்துத் திருத்தும்போது வானம் படி படியாக உடையாமல் இருப்பது அதனால்தான். மஜெந்தாப் பக்கம் சாய்ந்துபோன பழைய ஸ்லைட்டைக்கூட ஓரளவு மீட்கலாம்.

கூர்மையாக்கல், துகள் குறைத்தல், நிறம் மீட்டல் எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிடுங்கள். அவற்றைப் பிறகு கிம்ப் போன்ற இலவச மென்பொருளில், ஒரு பிரதியில் செய்யலாம். ஸ்கானிலேயே சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஹிஸ்ரோகிராம் பெட்டியைத் திறந்து பாருங்கள். படத்தில் இருட்டு இடதாகவும் வெளிச்சம் வலதாகவும் எவ்வளவு இருக்கிறதென்று மேடுபோலக் காட்டும் வரைபடம் அது. மேடு தொடங்குமிடத்துக்குச் சற்று வெளியே இடது முனையும், முடியுமிடத்துக்குச் சற்று வெளியே வலது முனையும் நிற்க வேண்டும். மென்பொருள் தானாக வைக்கும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிடும். எங்கள் படங்களில் இது பெரிய சேதம். நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டி, பக்கத்தில் பந்தல் நிழலில் முகங்கள். இரண்டும் நெகட்டிவில் இருக்கின்றன. முனைகளை விலக்கி வைத்தால் இரண்டும் படத்துக்கு வரும். பார்க்கச் சப்பென்று இருக்கும், பரவாயில்லை. அழகு பார்ப்பது பிறகு.

டிஜிட்டல் ஐஸ் என்ற ஒரு வசதி உண்டு. அகச்சிவப்புக் கதிரால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நிரப்பும். கலர் நெகட்டிவில் அருமையாக வேலை செய்யும், நேரம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு எடுக்கும். கறுப்பு வெள்ளையில் பாவிக்கக்கூடாது. அதில் படமே வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால் கருவி படத்தையே தூசியென்று எண்ணிக் குதறிவிடும். கொடாக்குரோம் ஸ்லைட்டிலும் இதே கரைச்சல் வரும். ஆகவே கறுப்பு வெள்ளைக்கு ஊதுபந்தும் பொறுமையும்தான்.

முன்பார்வை எடுத்தால் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தானாக வெட்டிக் காட்டும். பகலில் எடுத்த படங்களுக்குச் சரி. இரவுத் திருவிழாப் படங்களில், உதாரணமாக வற்றாப்பளைப் பொங்கல் இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்தவற்றில், படத்தின் ஓரம் எது, வெறும் பிலிம் எது என்று அதற்குப் பிடிபடாது. பாதியில் வெட்டிவிடும். தம்ப்நெயில் என்ற பெட்டியின் சரியடையாளத்தை எடுத்துவிட்டு, கையால் சட்டம் வரைந்து தெரிவு செய்யுங்கள். அப்போது விளிம்பும் சேர்த்துக் கொஞ்சம் விட்டு எடுத்தால் ஓரத்து எண்ணும் பிலிமின் பெயரும் பதிவாகும். ஆனால் ஹிஸ்ரோகிராமைப் படத்தின் உள்பகுதியை வைத்தே அளக்க வேண்டும்.

அந்த ஓரத்து எழுத்து காலத்தைச் சொல்லும். கோல்ட் என்ற பெயரில் கொடாக் கலர் நெகட்டிவ் வந்தது 1980களின் பிற்பகுதியில்தான். ஃபூஜி சுப்பீரியா வந்தது 1998இல். பெரியம்மா “இது 93இல் எடுத்தது” என்று சொல்லும் படத்தின் ஓரத்தில் சுப்பீரியா என்றிருந்தால், அவர் வேறொரு விசேஷத்தை நினைக்கிறார் என்று அறியலாம்.

மின்சாரம் திடீரென்று போகும் இடங்களில் ஒரு சின்ன யூபிஎஸ் நல்லது. லாப்டொப் தாங்கிவிடும். ஸ்கானர் நடுவில் நின்றால் அந்தத் தட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

ஒரு முகத்துக்காக

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். அந்தத் தாய்மார் கையில் பிடித்திருந்த படங்கள் பலவும் அடையாள அட்டைப் படத்தைத் திரும்பத் திரும்பக் கொப்பி அடித்துப் பெருப்பித்தவை. கண் எது, புருவம் எது என்று தெரியாதவையும் உண்டு. அதைப் பார்த்த பிறகு என்னிடம் யாராவது “தம்பி, மாமாவின்ர ரின்னில எங்கட பிள்ளை இருக்கா என்று பாரப்பு” என்று கேட்டு வந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தேடுகிறேன்.

கூட்டப் படத்துக்குள் ஒரு முகம் என்றால் 3200 டிபிஐயில் எடுங்கள். துண்டை நன்றாகத் தட்டையாக்கி, சட்டத்தின் நடுவில் வைத்து, அந்தப் படத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். ஹிஸ்ரோகிராமை அந்த முகத்தின் மேல் சட்டம் வரைந்து சரிசெய்யலாம். பள்ளிக்கூட வகுப்புப் படம் 120 பிலிமில் இருந்தால் நாற்பது பேருக்கு நடுவிலும் ஒரு பிள்ளையின் முகம் தெளிவாக வரும். 35 மில்லிமீற்றரில் அவ்வளவு கிடைக்காது. கிடைத்ததை அளவாகப் பெருப்பித்துக் கொடுங்கள்.

இப்போது தொலைபேசிச் செயலிகள் மங்கலான முகத்தை ஒரு தொடுகையில் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. இதற்கு அவற்றைப் பாவிக்க வேண்டாமென்று மன்றாடிக் கேட்கிறேன். அவை முகத்தை மீட்பதில்லை, ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்துப் புதிதாக வரைகின்றன. வரும் மூக்கும் கண்ணும் அந்தப் பிள்ளையுடையவை அல்ல. தாய்க்கு அது உடனே தெரியும். தெரியாமல் போனாலோ இன்னும் கொடுமை, அந்தப் பொய் முகமே குடும்பத்தில் நிலைத்துவிடும். மங்கலாக இருந்தாலும் உண்மையான முகத்தைக் கொடுங்கள்.

யாருடைய படத்தையும் அவர்கள் வீட்டைக் கேட்காமல் வெளியே பகிராதீர்கள். படத்தில் பக்கத்தில் நிற்பவர் யார், அவர் இன்று எங்கே எப்படி இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. சில படங்களை நான் ஸ்கான் செய்து வீட்டுக்காரரிடம் மட்டும் கொடுத்துவிட்டு, என்னிடம் பிரதி வைத்திருப்பதில்லை. அதையும் அவர்களிடம் கேட்டே முடிவு செய்வேன்.

பெயர் எழுதுதல்

படமாக்கிய அன்றே பெயர் எழுத வேண்டும். ஒவ்வொரு உறைக்கும் ஓர் எண், உறைக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், ஓரத்தில் உள்ள பட எண். கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், பிறகு இந்த எண்கள்: 1997_மல்லாவி_உறை04_துண்டு2_15 என்பதுபோல. ஆண்டு தெரியாவிட்டால் அந்த இடத்தில் 199x என்று போடுங்கள். நிகழ்ச்சியின் பெயரை ரோலுக்குக் கொடுக்காமல் படத்துக்கே கொடுங்கள். மாமாவைப்போல ஒரு ரோலைப் பலருக்குப் பங்கிட்டவர்களின் பிலிமில் அடுத்தடுத்த இரண்டு படம் இரண்டு ஊராக இருக்கலாம்.

அம்மம்மாவையோ பெரியப்பாவையோ லாப்டொப்புக்கு முன் இருத்தி, தேத்தண்ணி ஒன்றையும் கொடுத்து, ஒவ்வொரு படமாகக் காட்டுங்கள். ஆண்டு கேட்டால் பலருக்கு வராது. “இடம்பெயர முன்னமா, பிறகா?”, “பாதை திறந்திருந்த காலமா?” என்று கேட்டால் வந்துவிடும். வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஆவணியில் மூடியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் இந்தக் குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடலாம். அப்போது கோப்பு எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். நிறம் திருத்தாத படம் பத்து வருடம் பொறுத்துத் திருத்தினாலும் திருந்தும். பெயர் அப்படியல்ல. நேரம் குறைவென்றால் நிறத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பாருங்கள்.

ஊருக்கும் பொதுவான படங்கள், அதாவது பள்ளிக்கூடம், சந்தை, குளக்கட்டு, கோயில் திருவிழா போன்றவை இருந்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்பது பற்றி யோசியுங்கள். அதற்கும் குறிப்பு இருந்தால்தான் படத்துக்குப் பெறுமதி.

திரும்ப வைத்தல்

ஸ்கான் முடிந்ததென்று நெகட்டிவை எறிய வேண்டாம். வருங்காலத்தில் இதைவிட நல்ல கருவி கைக்கு வரும். பழைய பிவிசி பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்து, பொலிபுரோப்பலீன் உறையிலோ அமிலமற்ற கடதாசியிலோ இடுங்கள். இறப்பர் பட்டியும் உலோகக் கிளிப்பும் போடக்கூடாது. இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான உள்சுவர்ப் பக்கமாக வையுங்கள். கூரைக்குக் கிட்டப் பரணில் வேண்டாம். அரிசி போட்டால் ஈரம் உறிஞ்சும் என்று செய்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தூளும் பூச்சியும்தான் மிஞ்சும். வினாகிரி மணந்தவை இந்தப் பெட்டிக்குள் வரக்கூடாது. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம், ஆனால் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். நீல நிறத்ததில் கோபால்ற் உப்பு இருக்கிறது, அது நஞ்சு.

கோப்புகளுக்கு இரண்டு பிரதியாவது வேண்டும், ஒன்று வேறு ஊரில். பென்ரைவை மட்டும் நம்ப வேண்டாம். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு டிஸ்க் கொடுத்து வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், பிறகு யாராவது அதையே பெருப்பித்துச் சட்டம் போடுவார்கள். டிஃப் மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, கொடுக்கவும் அச்சடிக்கவும் ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்து வெயில் ஏறியதும், டிஸ்கைச் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதே நாளில் பெட்டியையும் திறந்து மணந்து பார்த்துவிடலாம்.